சிறைக்குள் போகும் முதல் நாள் உடல்நலப் பரிசோதனை: மட்டக்களப்பு, அம்பாறைக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நீதவான் விளக்கமறியல் என்று சொன்னதும் வீட்டார் முதலில் ஓடுவது சட்டத்தரணியிடம். அது சரிதான். ஆனால் அதே நேரத்தில் இன்னொருவர் வீட்டுக்குப் போய், உள்ளே போகிறவரின் கிளினிக் கொப்பியையும் குளிசைகளையும் எடுத்து வர வேண்டும். பிணை இரண்டு கிழமை கழித்தும் கிடைக்கலாம், ஆனால் இன்சுலின் இரண்டு கிழமை காத்திருக்காது. மட்டக்களப்பு சிறைச்சாலை வாசலில் நிற்கும் குடும்பங்கள், கல்முனைப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர்களும் சேர்த்து, திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம்.

சிறைக்குப் போனதும் வைத்தியர் பார்ப்பது கட்டாயமா, அல்லது கேட்டால்தான் பார்ப்பார்களா?

கேட்காமலே பார்க்க வேண்டும். நம் நாட்டுச் சிறைகள் இன்றும் 1877ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ்தான் நடக்கின்றன. அந்தப் பழைய சட்டத்திலேயே சிறைக்கு வைத்திய அதிகாரி என்ற பதவி இருக்கிறது. அதற்கு மேல், கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2015இல் ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகளில் 30ஆவது விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது: உள்ளே வரும் ஒவ்வொருவரையும் கூடிய விரைவில் வைத்தியரோ தகுதி பெற்ற வேறு சுகாதார ஊழியரோ பார்த்துப் பேசிப் பரிசோதிக்க வேண்டும். 24ஆவது விதி, வெளியே உள்ள மக்களுக்குக் கிடைக்கும் அதே தர வைத்தியம் உள்ளேயும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது. தண்டனை பெற்றவரா, விளக்கமறியலில் இருப்பவரா என்ற பேதம் இதில் இல்லை.

நடைமுறையில் ஒரு சிக்கல் உண்டு. நீதிமன்றம் கலைந்து ஆட்களை ஏற்றிச் சிறைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்போது பின்னேரமாகிவிடும். வைத்தியர் பார்ப்பது அடுத்த நாளாகலாம். வெள்ளிக்கிழமை போனவர் என்றால் சனி, ஞாயிறு நடுவில் வரும். அந்த முதல் இரவுகள்தான் ஆபத்தானவை. அதனால் அவசரமான வருத்தம் எதுவாக இருந்தாலும், பெயர் பதியும் மேசையிலேயே சிறை உத்தியோகத்தரிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும். "எனக்கு வலிப்பு இருக்கு, இரவுக் குளிசை போடோணும்" என்று சொன்னால் போதும். காலையில் டொக்டரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று பேசாமல் இருந்துவிடக் கூடாது.

நீதிமன்றத்திலேயே ஏதாவது செய்ய முடியுமா?

முடியும், பலர் தவறவிடுவது இதைத்தான். விளக்கமறியல் கட்டளை வரும் அந்த நிமிடத்திலேயே சட்டத்தரணி எழும்பி, "இவருக்கு இன்ன வருத்தம், இன்ன மருந்து" என்று நீதவானிடம் சொல்லலாம். வைத்தியம் கொடுக்க ஏற்பாடு செய்யும்படி சிறை அத்தியட்சகருக்குக் கட்டளையிட நீதவானால் முடியும். அது வழக்கேட்டில் பதிவாகும். பிறகு மருந்து கிடைக்கவில்லை என்றால் பேசுவதற்கு ஒரு பிடி இருக்கும். சட்டத்தரணி இல்லை என்றால் சந்தேகநபரே கை உயர்த்திச் சொல்லலாம். வழமையாக 14 நாளுக்கு ஒரு தடவை வழக்கு எடுபடும்போதெல்லாம் இதைத் திரும்பச் சொல்லலாம்.

பரிசோதனையில் என்ன கேட்பார்கள், என்ன பார்ப்பார்கள்?

பிரஷர், நாடி, காய்ச்சல், நிறை ஆகியவற்றோடு தேவையானால் சீனி பார்ப்பார்கள். என்ன வருத்தங்கள், எந்தக் கிளினிக், என்ன மருந்து, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, இருமல் எத்தனை நாளாக, உடம்பில் காயம் உண்டா, தோலில் சொறி உண்டா, குடிப்பவரா, போதைப்பொருள் பாவிப்பவரா, உயிரை விட நினைத்ததுண்டா என்றெல்லாம் கேட்க வேண்டும். மண்டேலா விதி இதில் குறிப்பாகச் சொல்வது ஐந்து விஷயங்கள்: வைத்தியத் தேவை, உள்ளே வருமுன் யாராவது துன்புறுத்தினார்களா என்பது, மன அழுத்தமும் தற்கொலை ஆபத்தும், தொற்று நோய், வேலை செய்யும் உடல் தகுதி. போதை நிறுத்துவதால் வரும் உபாதையையும் கவனிக்கச் சொல்கிறது.

ஒரே பின்னேரத்தில் இருபது பேர் வரிசையில் நின்றால் இவ்வளவும் கேட்க நேரம் இருக்காது. "வருத்தம் ஒண்டும் இல்லைதானே?" என்ற ஒரு வரியோடு முடிந்துவிடவும் கூடும். அந்த வரிக்கு "ஓம்" என்று தலையாட்டாமல், தன் வருத்தத்தைத் தானே எடுத்துச் சொல்ல உள்ளே போகிறவர் தயாராக இருக்க வேண்டும். இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு நாட்டின் சிறைகளைப் பற்றி நடத்தி 2020இல் வெளியிட்ட பெரிய ஆய்வு, நெரிசலையும் வைத்திய வசதிக் குறைவையும் விரிவாகப் பதிவு செய்தது. அந்த நெரிசலுக்குள் நின்று பேசுவது எளிதில்லை. அதனால்தான் பேச வேண்டியதை ஒரு துண்டில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள் என்று சொல்கிறோம்.

இது கைதியின் நன்மைக்கா, அல்லது மற்றவர்களுக்கு நோய் பரவாமல் இருக்கவா?

இரண்டுக்கும். இந்தப் பழக்கம் பிறந்த கதையே அதைச் சொல்கிறது. 1750இல் லண்டனின் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்துக்கு நியூகேட் சிறையிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களிடமிருந்து காய்ச்சல் பரவி, நீதிபதிகளும் நகர மேயரும் உட்படப் பலர் இறந்தார்கள். சிறைக் காய்ச்சல் என்று அன்று சொன்னது, உடைப் பேன் மூலம் பரவும் டைபஸ். 1774இல் பிரித்தானிய நாடாளுமன்றம் கைதிகளின் சுகாதாரத்துக்கென்று சட்டம் கொண்டுவந்து, சிறைக்கு ஒரு வைத்தியர் இருக்க வேண்டும் என்றது.

நம் நாட்டில் அண்மைய பாடம் மஹர சிறை. கொரோனா சிறைகளுக்குள் பரவிய நேரம், பரிசோதனை செய்யுங்கள், தொற்று வந்தவர்களைப் பிரித்து வையுங்கள் என்ற பதற்றம் கலவரமாக வெடித்தது. 2020 நவம்பர் 29இல் 11 கைதிகள் உயிரிழந்தார்கள். உள்ளே இருப்பவர் பூட்டைத் திறந்துகொண்டு நோயிலிருந்து விலகிப் போக முடியாது. பரிசோதனையை அவர் உயிர்ப் பிரச்சினையாகப் பார்ப்பது நியாயமானதே.

மகன் குடு, ஐஸ் பாவிக்கிறவன். வைத்தியரிடம் உண்மையைச் சொன்னால் வழக்கு இறுகிவிடாதா?

இந்தப் பயத்தால் வாய் மூடிப் பட்ட பாடுகள் அதிகம். வைத்தியரின் வேலை வழக்கை நிரூபிப்பதில்லை. கைதியின் வைத்திய விபரம் வெளியே இருக்கும் நோயாளியின் விபரம் போலவே இரகசியமாக இருக்க வேண்டும் என்று மண்டேலா விதி 32 சொல்கிறது. இதில் விதிவிலக்கு அவருக்கோ மற்றவர்களுக்கோ உடனடியான உண்மையான ஆபத்து வரும் நிலைமைதான். வைத்தியருக்குத் தேவையானது என்ன பாவித்தார், எவ்வளவு, கடைசியாக எப்போது, அவ்வளவுதான். யாரிடம் வாங்கினார், அன்றைக்கு என்ன நடந்தது, பொதி யாருடையது என்பதெல்லாம் வைத்தியருக்குத் தேவையில்லை. அவற்றைச் சட்டத்தரணியிடம் மட்டும் பேசினால் போதும்.

ஹெரோயின் (குடு) நிறுத்தியவருக்கு முதல் நாளிலேயே உடல் முறுக்கம், மூக்கு வடிதல், வாந்தி, வயிற்றோட்டம் தொடங்கும். இரண்டாம், மூன்றாம் நாள் உச்சத்தில் இருந்து, ஒரு கிழமை அளவில் தணியும். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் தண்ணீர்ச் சத்து குறையாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. ஐஸ் நிறுத்தியவர் கிடந்து தூங்குவார், பிறகு மனம் ஒரேயடியாக விழுந்துவிடும். அங்கே பயப்பட வேண்டியது தற்கொலை எண்ணத்துக்கு.

அப்பா குடிக்கிறவர் மட்டும்தான், வேறு வருத்தம் இல்லை. அதையும் சொல்ல வேண்டுமா?

கட்டாயம் சொல்லுங்கள். போதைகளில் திடீரென நிறுத்தினால் உயிரையே எடுக்கக்கூடியவற்றில் சாராயமும் கசிப்பும் முக்கியமானவை என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. நாள் தவறாமல் நிறையக் குடித்து வந்தவர் பிடிபட்டு உள்ளே போனால், கடைசிக் குடிக்கு 6 மணித்தியாலத்துக்குப் பிறகு கை நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கலாம். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு நாள் தொடக்கம் நாலு நாளுக்குள் ஆள் தடுமாறி, இல்லாத பூச்சியையும் ஆளையும் கண்டு கத்தத் தொடங்கினால், அது பேயும் இல்லை, நடிப்பும் இல்லை. சிகிச்சை இல்லாவிட்டால் இறந்துபோகக் கூடிய நிலை அது. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். குளிசையும் விற்றமின் பி1 ஊசியும் கொடுத்து முன்கூட்டியே தடுக்கக் கூடிய ஒன்றுக்காக, ஒரு குடும்பம் தகப்பனை இழப்பதை ஏற்க முடியாது.

பொலிஸில் ஒரு நாள் இருந்துவிட்டுத்தான் சிறைக்கு வருகிறார் என்பதையும் கணக்கில் எடுங்கள். நேரம் எண்ணத் தொடங்குவது சிறைக்குள் வந்த நேரத்திலிருந்து இல்லை, கடைசியாகக் குடித்த நேரத்திலிருந்து.

கிளினிக் மருந்து எடுப்பவர். இரண்டு மூன்று நாள் தவறினால் என்ன வந்துவிடும்?

எந்த மருந்து என்பதைப் பொறுத்தது. கொலஸ்ட்ரோல் குளிசை இரண்டு நாள் தவறினால் பெரிதாக ஒன்றும் நடக்காது. கீழே சொல்பவை அப்படியில்லை.

சின்ன வயதிலிருந்தே இன்சுலினில் இருப்பவர் ஊசியை நிறுத்தினால் ஒரு நாளுக்குள்ளேயே மயக்க நிலைக்குப் போகலாம். அதன் மறுபக்கமும் உண்டு. சிறையில் இரவுச் சாப்பாடு நேரத்தோடு வந்துவிடும். வீட்டில் எட்டரைக்குச் சாப்பிட்டுப் போட்ட அளவு ஊசியை அங்கே போட்டால் நடுச்சாமத்தில் சீனி இறங்கிவிடும், அறையும் பூட்டியிருக்கும். ஆகவே சாப்பாட்டு நேரத்தைச் சொல்லி அளவை மாற்றித் தரும்படி வைத்தியரிடம் கேட்க வேண்டும். பக்கத்தில் படுப்பவரிடமும், "எனக்கு வியர்த்து நடுங்கினால் சீனியோ பிஸ்கட்டோ வாயில் போடு, காவலரைக் கூப்பிடு" என்று சொல்லி வைப்பது நல்லது.

வலிப்புக் குளிசையை ஒரு வேளைகூட விடக் கூடாது. இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்தவர் இரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் குளிசையை விடக் கூடாது. தொய்வுக்காரரின் பம்ப் அவர் கையிலேயே இருக்க வேண்டும், மருந்து அறை அலுமாரியில் பூட்டி வைப்பதற்கான பொருள் இல்லை அது. அறையில் ஆட்கள் நெருங்கிப் படுக்கும் புழுக்கத்தில் இரவு இரண்டு மணிக்குத்தான் இழுப்பு வரும். இதை வைத்தியரிடம் சொல்லி, அவர் கையெழுத்தோடு அனுமதி வாங்குங்கள்.

மனநல மருந்துகளில் குளோசபின் என்ற குளிசையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 48 மணித்தியாலத்துக்கு மேல் தவறிவிட்டால் பழைய அளவை அப்படியே திரும்பக் கொடுக்கக் கூடாது. சின்ன அளவிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே கடைசியாக எப்போது எடுத்தார் என்ற விபரம் வைத்தியருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். மாத ஊசி போடுபவர் என்றால் அடுத்த ஊசித் திகதியை எழுதிக் கொடுங்கள்.

நோன்பு காலத்தில்?

காத்தான்குடி, ஏறாவூர், கல்முனைப் பக்கத்துக் குடும்பங்கள் இதைக் கேட்பார்கள். நோன்பு பிடிக்கும் எண்ணம் இருந்தால் முதல் பரிசோதனையிலேயே சொல்லட்டும். பிரஷர் குளிசையைச் சஹருக்கும் நோன்பு திறக்கும் நேரத்துக்கும் மாற்றலாம். இன்சுலினில் இருப்பவர் வைத்தியரிடம் கேட்காமல் பிடிக்கவே வேண்டாம். நோயாளிக்கு மார்க்கத்திலேயே சலுகை இருக்கிறது.

மருந்தை நாங்கள் எப்படி உள்ளே கொடுப்பது?

வாசலில் உத்தியோகத்தரிடம் வெளிப்படையாகக் கொடுங்கள். குளிசை அதன் அட்டையிலேயே இருக்க வேண்டும். கடதாசிப் பையில் கொட்டிய குளிசையை எவரும் ஏற்க மாட்டார்கள், ஏற்கவும் கூடாது. கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தையும் கடைசியாக மருந்து எழுதிய பக்கத்தையும், வைத்தியசாலையில் தங்கியிருந்தால் டயக்னோசிஸ் கார்ட்டையும் போட்டோக் கொப்பி எடுத்துச் சேர்த்துக் கொடுங்கள். மூலப் பிரதி வீட்டில் இருக்கட்டும். சிறையின் நலன்புரி உத்தியோகத்தரைச் சந்தித்து, பெயரையும் மருந்தையும் எழுதி ஒரு சின்னக் கடிதம் கொடுத்தால் இன்னும் நல்லது. கொடுத்த திகதி, வாங்கியவர் என்ன பதவியில் இருப்பவர் என்பதை வீட்டில் குறித்து வையுங்கள்.

சோத்துப் பார்சலுக்குள், சவர்க்காரத்துக்குள் குளிசையை ஒளித்துக் கொடுக்கும் வேலை வேண்டவே வேண்டாம். அது பனடோலாக இருந்தாலும் தடைசெய்த பொருளைக் கடத்தியதாகவே பார்க்கப்படும். கொடுக்கப் போன தாயே உள்ளே போக நேரும்.

பொலிஸில் அடித்திருக்கிறார்கள். சிறை வைத்தியரிடம் சொல்லலாமா?

சொல்ல வேண்டும், அதுவும் முதல் நாளே. வாசலில் பதியும்போதே காயங்கள் குறிக்கப்பட்டால், அவை சிறைக்குள் வருமுன் வந்தவை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. கண்டல் காயம் இரண்டு கிழமையில் மறைந்துவிடும். அடையாளமே தெரியாத அடிகளும் உண்டு: உள்ளங்காலில் அடித்தது, கன்னத்தில் அறைந்து காது கேளாமல் போனது, வயிற்றில் குத்தியது. சிறுநீரில் இரத்தம், காதில் இரைச்சல், தலையில் அடிபட்ட பிறகு வாந்தி அல்லது அடக்க முடியாத தூக்கம் இருந்தால் அதை அவசரம் என்று சொல்லியே கேட்க வேண்டும்.

சித்திரவதைக்கான அடையாளத்தைக் கண்ட வைத்தியர் அதை எழுதி வைத்து, உரிய அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும் என்று மண்டேலா விதி 34 கட்டாயமாக்குகிறது. நம் அரசியலமைப்பின் 11ஆவது உறுப்புரை சித்திரவதையை முற்றாகத் தடுக்கிறது. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டும்படி நீதவானிடமும் கேட்கலாம். பொலிஸார் முன்பே வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டியிருந்தாலும், அவர்கள் பக்கத்தில் நிற்கும்போது "விழுந்தது" என்று சொல்லியிருந்தாலும், சிறை வைத்தியரிடம் உண்மையைச் சொல்ல அது தடையில்லை. முன்பு அப்படிச் சொன்னதற்குப் பயம்தான் காரணம் என்பதையும் சேர்த்தே சொல்லட்டும்.

நாள் முக்கியம். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மீறல் மனு போட அரசியலமைப்பின் 126ஆவது உறுப்புரை ஒரு மாதம்தான் தருகிறது. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது.

இருமல் இருப்பவரைத் தனியே போட்டுவிட்டார்களாம். தண்டனையா இது?

இல்லை, அப்படி இருக்கக் கூடாது. இரண்டு கிழமைக்கு மேல் இருமல், பின்னேரக் காய்ச்சல், நிறை குறைவு இருந்தால் காசநோய் என்று சந்தேகித்துச் சளியும் நெஞ்சு எக்ஸ்ரேயும் பார்க்க வேண்டும். காற்றோட்டமில்லாத அறையில் ஐம்பது பேர் படுக்கும் இடத்தில் ஒருவரின் இருமல் எல்லோரின் நெஞ்சுக்கும் போகும். முடிவு வரும் வரை பிரித்து வைப்பது வைத்தியம் சார்ந்த ஏற்பாடு. அங்கேயும் சாப்பாடு, வெளிச்சம், பேச ஆள் எல்லாம் இருக்க வேண்டும். மருந்து தொடங்கி இரண்டு கிழமை அளவில் பெரும்பாலானோரிடமிருந்து தொற்றும் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும், ஆனால் மருந்து முழுதாக ஆறு மாதம். இடையில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறிவிடும். ஏற்கனவே மார்பு நோய் சிகிச்சை நிலையத்தில் மருந்து எடுப்பவர் என்றால், பிடிபட்ட விடயத்தை அந்த நிலையத்துக்கும் உடனே அறிவியுங்கள். வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம்.

சொறி சிரங்கு சின்ன விஷயம்போல் தெரிந்தாலும் சிறையில் இரவுத் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான். ஒருவருக்கு மட்டும் பூசிப் பயனில்லை. அறையில் உள்ள எல்லோரும் ஒரே நாளில் பூசி, உடுப்பையும் படுக்கையையும் தோய்க்க வேண்டும்.

தோலில் உணர்வில்லாத வெளிறிய படை இருந்தால் காட்டுங்கள். மட்டக்களப்பு வாவி நடுவே மாந்தீவில் தொழுநோயாளரை வைத்துப் பார்த்த வைத்தியசாலை நம் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும், அந்தப் பயம் இன்னும் ஊரில் இருக்கிறது. இன்று ஆறு மாதமோ ஒரு வருடமோ குளிசை எடுத்தால் குணமாகும் நோய் அது. மருந்து தொடங்கியவரை ஒதுக்கி வைக்க எந்தத் தேவையும் இல்லை.

எங்கள் பக்கத்துக்கென்று ஒரு கேள்வியையும் சேர்க்கச் சொல்வேன்: "அண்மையில் வயலில் இறங்கினீர்களா?" அம்பாறை, படுவான்கரை வயல்களில் வேலை செய்துவிட்டு வந்தவருக்கு எலிக்காய்ச்சல் கிருமி உடம்பில் ஏறியிருந்தால், பெரும்பாலும் 5 முதல் 14 நாளுக்குள்தான் காய்ச்சல் காட்டும். உள்ளே போகும் நாளில் ஆள் நன்றாகத்தான் இருப்பார். பிறகு காய்ச்சல், கெண்டைக்கால் நோவு, கண் சிவப்பு, சிறுநீர் குறைதல் வந்தால், வயல் கதையைத் தானாகவே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் என்று பனடோலோடு விட்டுவிடலாம், சிறுநீரகம் பழுதான பிறகுதான் தெரியவரும்.

எச்.ஐ.வி. சோதனையை வற்புறுத்திச் செய்வார்களா?

செய்யக் கூடாது. விளக்கம் சொல்லி, ஒப்புதல் வாங்கித்தான் இரத்தம் எடுக்க வேண்டும். முடிவு வைத்தியருக்கும் அவருக்கும் இடையில் இருக்க வேண்டும். தொற்று இருந்தால் மருந்து இலவசம், நிறுத்தாமல் எடுத்தால் வழமையான வாழ்க்கை வாழலாம். ஒரே கோப்பையில் குடிப்பதாலோ பக்கத்தில் படுப்பதாலோ அது பரவாது, ஆகவே தனிமைப்படுத்தவும் காரணமில்லை. ஊசி பகிர்ந்தவர்கள், சவர அலகு பகிர்ந்தவர்கள், பச்சை குத்தியவர்கள் ஈரல் அழற்சி பி, சி சோதனையையும் கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம்.

பெண்களுக்கு என்ன வேறுபாடு?

பெண் கைதிகளுக்கென்று 2010இல் ஐக்கிய நாடுகள் ஏற்றுக்கொண்ட பாங்கொக் விதிகள் இருக்கின்றன. பெண் வைத்தியரோ தாதியோதான் பார்க்க வேண்டும் என்று கேட்கும் உரிமை உண்டு. அவசர நிலை தவிர்த்து, முடிந்தவரை அதை நிறைவேற்ற வேண்டும். ஆண் வைத்தியர் பார்த்தால் பெண் உத்தியோகத்தர் ஒருவர் உடனிருக்க வேண்டும். பிள்ளைப்பேறு பற்றிய கதைகளைச் சொல்லாமல் இருக்கவும் உரிமை உண்டு.

கர்ப்பிணி என்றால் கிளினிக் அட்டையைக் கொடுத்தனுப்பி, ஊர் குடும்பநல மருத்துவ மாதுவுக்கும் தகவல் சொல்லுங்கள். சந்தேகம் என்றால் சிறுநீர்ச் சோதனை கேட்கலாம். பால் குடிக்கும் பிள்ளையை வீட்டில் விட்டு வந்த தாய்க்கு இரண்டாம் நாளே மார்பு கட்டி வலியும் காய்ச்சலும் வரும். அதைச் சொல்ல வெட்கப்பட்டு அழுதுகொண்டிருப்பவர்கள் உண்டு. அதுவும் வருத்தம்தான், சொல்லலாம். நம் சிறைகளில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை தாயோடு இருக்க இடமுண்டு. கூடப் போகும் பிள்ளையையும் பரிசோதிக்க வேண்டும், தடுப்பூசிப் பதிவேட்டை மறக்காமல் கொடுங்கள்.

முதல் தடவை உள்ளே போகிறான், பயந்த சுபாவம். ஏதாவது செய்துகொள்வானோ?

இந்தப் பயத்தை மனதுக்குள் வைத்திருக்காதீர்கள். சிறைகளில் தற்கொலை ஆபத்து கூடிய நேரம் முதல் சில நாட்கள் என்பது உலகெங்கும் கண்டது. முன்பு முயற்சி செய்தவர், போதையிலிருந்து விடுபடும் நிலையில் இருப்பவர், குடும்ப வழக்கில் வெட்கத்தோடு உள்ளே போனவர், இவர்கள் மேல் கூடுதல் கவனம் வேண்டும். முன்பு நஞ்சு குடித்தார், கையை வெட்டினார் என்ற செய்தியை வீட்டார் மறைப்பது வழக்கம். அதை நலன்புரி உத்தியோகத்தரிடமோ வைத்தியரிடமோ தனியே சொல்லுங்கள். அவரைத் தனி அறையில் போடாமல், ஆட்களோடு வைக்கச் சொல்லிக் கேளுங்கள். முதல் பார்வை நாளில் எப்படியாவது ஒருவர் போய் முகத்தைக் காட்டுங்கள். வெளியே இருக்கும் உங்களுக்கே தாங்க முடியவில்லை என்றால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926.

வைத்தியருக்குத் தமிழ் தெரியாது. எப்படிச் சொல்வது?

இலங்கையின் அரச கரும மொழிகளில் தமிழும் ஒன்று, தமிழில் சொல்ல உரிமை உண்டு. மொழிபெயர்க்க ஆள் கேட்கலாம். ஆனால் இன்னொரு கைதியை வைத்து மொழிபெயர்ப்பது நல்லதில்லை. எச்.ஐ.வி., மனநலம், பொலிஸ் அடித்தது போன்றவற்றை அப்படிப் பேசவே முடியாது. மருந்துப் பெயர்கள் எழுதிய துண்டு இருந்தால் பாதி வேலை முடிந்துவிடும். விளங்காத தாளில் கையெழுத்து வைக்க வேண்டாம்.

உடுப்பைக் களைந்து சோதிப்பதும் இந்தப் பரிசோதனையும் ஒன்றா?

இல்லை. அது பாதுகாப்புச் சோதனை, சிறைக்காவலர் வேலை. பெண்களைப் பெண் உத்தியோகத்தர்தான் சோதிக்கலாம். உடலின் உட்பகுதியைச் சோதிக்க நேர்ந்தால், அதைச் செய்பவர் அந்தக் கைதிக்கு வைத்தியம் பார்க்கும் வைத்தியராக இருக்கக் கூடாது என்று மண்டேலா விதி 52 சொல்கிறது. அப்படி இருந்தால் பிறகு எவர் அந்த வைத்தியரை நம்பி வாய் திறப்பார்?

வருத்தம் கடுமை. அதைக் காட்டிப் பிணை எடுக்கலாமா?

வருத்தம் இருந்தால் தானாகப் பிணை என்று ஒன்று இல்லை. வழக்கின் வகையைப் பார்த்துத்தான் நீதிமன்றம் முடிவெடுக்கும். ஆனால் வைத்திய அறிக்கையை அழைக்கும்படி சட்டத்தரணி கேட்கலாம். முதல் நாள் பரிசோதனையில் வருத்தம் பதிவாகியிருந்தால் அந்த அறிக்கைக்கு எடை கூடும். சிறையிலேயே இருந்தால் ஒருவரின் உடல்நிலை கெட்டுவிடும் என்று வைத்தியர் கருதினால் அதை அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. பிணை கிடைக்காவிட்டாலும் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்குக் காவலோடு கொண்டுபோகவோ, வெலிக்கடை சிறைச்சாலை வைத்தியசாலைக்கு மாற்றவோ வழி உண்டு.

எங்கள் சொந்த வைத்தியர் பார்க்கலாமா?

விளக்கமறியலில் இருப்பவருக்கு, நியாயமான காரணமும் செலவு செய்யும் வசதியும் இருந்தால் அனுமதிக்க வேண்டும் என்பது மண்டேலா விதி 118. அத்தியட்சகருக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள்.

ஒரு கிழமையாகியும் வைத்தியர் பார்க்கவில்லை, மருந்தும் போகவில்லை. யாரிடம் போவது?

முதலில் சிறை அத்தியட்சகருக்குக் கடிதம், ஒரு பிரதி உங்களிடம். அதே நாளில் சட்டத்தரணிக்குச் சொல்லுங்கள். அடுத்த தவணை வரை பொறுக்காமல் வழக்கை முன்கூட்டி அழைக்க அவர் விண்ணப்பிக்கலாம். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பில் அலுவலகம் இருக்கிறது. மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகங்கள் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் உண்டு, அவசர அழைப்பு இலக்கம் 1996. ஆணைக்குழுவினர் சிறைக்குள் போய்ப் பார்க்கும் அதிகாரம் உள்ளவர்கள். வாசலில் நின்று சத்தம் போட்டால் அந்தக் கோபம் உள்ளே இருப்பவர் மேல்தான் இறங்கும் என்று குடும்பங்கள் பயப்படுவது எனக்கு விளங்குகிறது. எழுத்தில், அமைதியாக, திகதியோடு கேட்பதற்குத்தான் பதில் வருகிறது.

என்ன மருந்து, எப்போது வைத்தியசாலைக்கு அனுப்புவது என்ற முடிவு வைத்தியருடையது. வைத்தியர் எழுதியதை வைத்தியரல்லாத அதிகாரி மாற்ற முடியாது என்று மண்டேலா விதி 27 சொல்கிறது. "டொக்டர் ஆஸ்பத்திரிக்கு எழுதினார், கூட்டிப்போக ஆள் இல்லை" என்ற பதில் வந்தால், அந்த வசனத்தை அப்படியே உங்கள் கடிதத்தில் எழுதுங்கள்.

வெளியே வரும் நாளில் என்ன கவனிக்க வேண்டும்?

உள்ளே எடுத்த மருந்து விபரத்தை எழுதித் தரும்படி கேளுங்கள், சில நாளுக்கான குளிசையையும் கேளுங்கள். காசநோய் மருந்தில் இருப்பவரை வீட்டுக்குக் கிட்டிய மார்பு நோய் சிகிச்சை நிலையத்துக்கு அடுத்த நாளே கூட்டிப் போங்கள். உள்ளே இருந்த நாளில் தவறிய கிளினிக் திகதியைப் புதுப்பியுங்கள். நாளுக்கு நாள் கிளினிக்கில் எண்ணெடுக்கக் கூட்டம் இருக்கும், விடியவே போங்கள்.

குடு பாவித்தவர் வீட்டுக்கு வருகிறார் என்றால் முதல் இரண்டு கிழமையும் கண்ணில் வைத்திருங்கள். மாதக்கணக்கில் பாவிக்காமல் இருந்த உடம்புக்குப் பழைய அளவு தாங்காது. முன்பு எடுத்த அதே அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடும். ஆள் குறட்டை விட்டபடி எழுப்ப எழும்பாமல், உதடு நீலம் பாய்ந்து கிடந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். பொலிஸ் வருமோ என்று யோசித்து நிற்க வேண்டாம்.